தாவும் சிறுமியும் ஆடுவோர் தீர்ப்பும்

விளையாட்டு என்பது சிறுவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு எனக் கருதுவார் பலர். நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டினை வகுத்துக் கூறுமிடத்து, உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்துள்ளார். இறைவன் உலகினைப் படைத்தும் காத்தும் அழித்தும் வருதலை அவனது விளையாட்டென்றே கூறுவது நம் சமய மரபு. ஆகவே ஒரு காலத்து மக்கள் எதனை விளையாடுகின்றனர், அவ்விளையாட்டைப் பற்றி யாது கருதுகின்றனர் என்று ஆராய்தல் கல்வியுலகத்துக்குப் புறம்பான செயலன்று.

இன்று நம் மாணவர் ஆடும் ஆட்டங்களுட் பல கணனித் திரையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் நிகழ்வன. அவற்றுள் ஒரு வகை, தாவுதல், சுவரேறுதல், தூணைப் பற்றிச் சுழலுதல், வாளும் வேலும் கொண்டு பொருதல் என்பவற்றை ஒருங்கே கொண்டது. கழைக்கூத்தும் போர்க்கூத்தும் ஒன்றாகப் பிணைந்த வீரசாகச ஆட்டம் என அதனைக் கூறலாம். இவ்வகையில் இந்தியாவிலே, நம் புராண உலகைக் களமாகக் கொண்டு எழுந்த ஆட்டமொன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'ராஜி: ஓர் பண்டைய இதிகாசம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய அவ்வாட்டத்தைப் பற்றி ஆடினோர் கூறிய கருத்துக்களை ஆராய்வதும், அக்கருத்துக்களை நாம் எவ்வாறு மதித்தல் வேண்டும் என விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவலும் வீழ்ச்சியும்

கயிற்றின்மேல் ஆடுதலும் கழைமேல் ஏறுதலும் தமிழர் நெடுங்காலம் கண்டு வியந்த கலைகள். குறுந்தொகையின் ஏழாவது பாட்டில், கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலி உவமையாக வந்துள்ளது. பிற்காலத்தில் இக்கலை வட்டரங்கக் காட்சியாயிற்று. விஷ்ணுபந்த் சத்ரே என்பார் 1880இல் இந்தியாவின் முதல் வட்டரங்கக் குழுவை நிறுவினார். கேரளத்துத் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பலருக்குப் பயிற்சியளித்து அவ்வூரை இக்கலையின் தாயகமாக்கினார். கழைக்கூத்தில் காண்போனைக் கட்டிப்போடுவது யாது? ஆடுபவன் விழக்கூடும் என்னும் அச்சமே. அவன் விழாது நிற்கும் கணத்தில் அவ்வச்சம் வியப்பாக மாறுகின்றது.

கணனி ஆட்டத்திலோ காண்போனும் ஆடுவோனும் ஒருவனே. விழுபவன் திரையிலுள்ள உருவம். ஆனால் அவ்வீழ்ச்சிக்குக் காரணம் ஆடுவோனுடைய விரல். ஆகவே இவ்வகை ஆட்டங்களைப் பற்றி ஆடுவோர் கூறும் கருத்துக்கள் யாவும் இறுதியில் ஒரு கேள்வியிலே வந்து நிற்கும்: "யான் விழுந்தது என் பிழையாலா, ஆட்டத்தின் பிழையாலா?" தன் பிழையால் விழுந்தவன் மீண்டும் முயல்வான். ஆட்டத்தின் பிழையால் விழுந்ததாக உணர்பவன் சினங்கொண்டு விலகுவான்.

இவ்வகையின் வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் 1989இல் 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா' என்னும் ஆட்டத்தை அப்பிள் 2 கணனிக்கு ஆக்கினார். தம் இளைய சகோதரர் ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அப்படத்தை ஒவ்வொரு சட்டமாக வரைந்தெடுத்து, இளவரசன் அசைவுகளாக அமைத்தார். அதனால் அவ்விளவரசனுக்கு உடற்பாரம் உண்டாயிற்று. ஓடுபவன் உடனே நிற்கமாட்டான். திரும்புவதற்கும் சிறிது நேரம் கொள்வான். இளவரசியை மீட்க அறுபது நிமிடமே உண்டு. தொடக்கத்தில் அவ்வாட்டம் பெரிதும் விலைபோகவில்லை. வேறு பல கணனிகளுக்கு மாற்றப்பட்ட பின்னரே உலகப் புகழ் எய்தியது.

2003இல் யுபிசொவ்ற் நிறுவனத்தின் மொன்றியல் பிரிவினர் அவ்விளவரசனைப் புத்துருவில் கொணர்ந்தனர். அவன் சுவரின்மேல் ஓடுவான். தூணிலிருந்து தூணுக்குத் தாவுவான். வீழ்ந்துவிட்டாலோ, மாயக் கட்டாரியின் மணலைக் கொண்டு காலத்தைச் சில நொடி பின்னோக்கிச் செலுத்தி, வீழ்ச்சியையே இல்லாததாக்குவான். ஆடினோர் இதனைப் பெரிதும் புகழ்ந்தனர். சண்டைப் பகுதி மட்டும் ஒரே தன்மையாய் அலுப்புத் தருகின்றது என்றனர். ஆக்கியோர் அக்குறையை நீக்க 2004இல் வெளியிட்ட அடுத்த ஆட்டத்தில் சண்டையை விரிவாக்கினர். ஆனால் அத்துடன் கதையின் மென்மையையும் அகற்றி, இருளும் குருதியும் நிறைந்ததாக அதனை மாற்றிவிட்டனர். முன்பு சண்டையைக் குறைகூறியோரிற் பலர் இப்பொழுது இளவரசன் இயல்பு கெட்டதென வருந்தினர். ஆடுவோர் கருத்துக்குச் செவிசாய்த்தல் வேண்டும். ஆயினும் குறை கூறப்பட்ட உறுப்பைத் திருத்துவதற்காகக் குறையற்ற உறுப்பை வெட்டுதல் மருத்துவமாகாது.

2008ஆம் ஆண்டு ஆட்டத்தில் வேறொரு வழி காணப்பட்டது. இளவரசன் விழும்போதெல்லாம் எலிகா என்னும் துணைவி கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். "இறப்பில்லாத இடத்தில் அச்சமில்லை, அச்சமில்லாத இடத்தில் வெற்றியுமில்லை" என்பது ஒரு சாராரின் வாதம். "பிற ஆட்டங்களில் இறந்தபின் சிறிது தூரம் பின்சென்று தொடங்குகின்றோம்; இங்கே அதே தண்டனை காத்திருக்கும் நேரமின்றிக் கிடைக்கின்றது; வேறுபாடு யாது?" என்பது மற்றொரு சாராரின் விடை. இரு சாராரும் ஒரே ஆட்டத்தையே ஆடினர். ஒரு சாரார் விரும்பியது அச்சம். மற்றைச் சாரார் விரும்பியது தடையில்லாத ஓட்டம். ஒருவனது கருத்தை மதிப்பிடுமுன் அவன் எந்தச் சுவையை நாடி வந்தான் என்று அறிதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

ராஜி என்னும் சிறுமி

இனி நம் பொருளுக்கு வருவோம். ராஜி ஆட்டத்தை ஆக்கியது இந்தியாவின் புனே நகரிலுள்ள நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம். சுருதி கோஷ், அவிச்சல் சிங், இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் மோட் ஆகியோர் அதனை நிறுவினர். 2017இல் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்ட அவர்கள் செய்த முயற்சி இலக்கை எட்டவில்லை. ஆயினும் முயற்சியைக் கைவிடாது, 2020 ஓகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விச் கருவிக்கும், அவ்வாண்டு ஒக்டோபரில் கணனிக்கும் ஏனைய கருவிகளுக்கும் ஆட்டத்தை வெளியிட்டனர். அவ்வாண்டின் உலகக் கணனியாட்ட விருதுகளில், சிறு நிறுவனங்களின் முதற்படைப்புக்குரிய பிரிவில் அது முன்மொழியப்பட்டது. விருது பிறிதோர் ஆட்டத்துக்குச் சென்றது.

கதை எளிது. ராஜி தாய்தந்தையற்ற சிறுமி. வட்டரங்கில் வித்தை காட்டிப் பிழைப்பவள். அவள் தம்பி கோலு. சகோதரியர் சகோதரர் கையில் காப்புநூல் கட்டும் ரக்ஷா பந்தன் நாளில் அசுரர் படையெடுத்து வந்து சிறுவரைக் கவர்ந்து செல்கின்றனர், கோலுவும் கவரப்படுகின்றான். அசுரர் தலைவன் மகாபலாசுரன். தம்பியை மீட்கப் புறப்பட்ட ராஜிக்குத் துர்க்கையின் அருளால் திரிசூலம் கிடைக்கின்றது. பின்னர் திருமாலின் அருளால் சாரங்கம் என்னும் வில் முதலிய படைக்கலங்களும் கிடைக்கின்றன. துர்க்கையும் திருமாலும் விண்ணிலிருந்து அவள் செயலை நோக்கித் தம்முள் உரையாடுவதாகக் கதை சொல்லப்படுகின்றது. ஆட்டத்தின் கோட்டைகளும் மாளிகைகளும் இராஜஸ்தானச் சிற்ப மரபைத் தழுவியவை. இடையிடையே வரும் கதைக்காட்சிகள் நிழற்பாவைக் கூத்தாக அமைந்துள்ளன. சுவரோவியங்களின் முன் நின்றால் புராணக் கதைகள் கூறப்படும்.

தேவி மாகாத்மியத்தில் தேவர் யாவரும் தத்தம் படைக்கலங்களைத் தேவிக்கு வழங்கியதாகக் காண்கின்றோம். இங்கே தேவியும் திருமாலும் தம் படைக்கலங்களை வட்டரங்கச் சிறுமி ஒருத்திக்கு வழங்குகின்றனர். பழங்கதையின் அமைப்பைப் பேணிக்கொண்டே, அருள் பெறுவோள் இடத்தில் மிக எளிய பெண் ஒருத்தியை வைத்தது போற்றத்தக்கது. அவள் தாவுவது தெய்வ வரத்தால் அன்று. வயிற்றுப் பிழைப்புக்காகக் கற்ற கலையால். இந்தியாவில் வட்டரங்குகளில் சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்யுமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டதை நினைந்து நோக்கின், இக்கதைத் தலைவியின் நிலை வெறுங் கற்பனையன்று என்பது புலனாகும்.

ஆடினோர் புகழ்ந்தவையும் பழித்தவையும்

ஆடினோரும் விமரிசகரும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், புகழ் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் உரிய கூறுகளுக்கே சென்றது. அந்திச் செவ்வொளியில் விரியும் கோட்டைகள், சிலைகளின் பேருருவம், இந்திய வாத்தியங்கள் கலந்த இசை, பாவைக்கூத்துக் காட்சிகள் ஆகியன வியந்து போற்றப்பட்டன. தொல்காப்பிய நெறியில் கூறின், புதியதைக் காணலாலும் மிகப் பெரியதைக் காணலாலும் பிறக்கும் மருட்கை இது. மேலைநாட்டார்க்கு இவ்வுலகம் முற்றும் புதிது. இந்தியர்க்கோ, தாம் நன்கறிந்த உலகம் இத்தகைய திரையில் தோன்றியமையே புதுமை. இருவர் வியப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் வேர் வேறு.

தாவலைப் பற்றிய கருத்தும் பெரும்பாலும் நல்லதாகவே இருந்தது. ராஜி சுவரில் ஓடி ஏறிப் பின்னோக்கிப் பாய்ந்து தாக்குதலும், தூணைப் பற்றிச் சுழன்று தாக்குதலும் ஆடினோர்க்கு இன்பமளித்தன. வட்டரங்கில் கற்ற வித்தையே போர்க்கலையாகின்றது என்னும் கதைக்கருத்து, வசனத்தால் உரைக்கப்படாது விரலால் உணரப்படுகின்றது. கதையும் ஆட்டமும் இவ்வாறு பொருந்துதல் எளிதிற் கைகூடுவதன்று.

பழித்தவற்றுள் முதலாவது சண்டையின் தளர்ச்சி. பொத்தானை அழுத்தியபின் அசைவு தொடங்கச் சிறிது தாமதமாகின்றது. தொடங்கிய அசைவை இடையில் நிறுத்தித் தப்ப இயலவில்லை. அடி பட்டதா தவறியதா என்பது தெளிவாகத் தெரியவில்லை என்றனர் பலர். இதன் காரணத்தை விளக்குதல் பயனுடையது. நொடிக்கு அறுபது படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்குரிய காலம் நொடியின் அறுபதில் ஒரு கூறு. சூலத்தை ஓங்கும் அசைவு அழகாகத் தோன்றுதற்குப் பல படங்கள் வேண்டும். படங்களைக் கூட்டின் அழகு கூடும். ஆனால் கட்டளைக்கும் விளைவுக்கும் இடைப்பட்ட காலமும் கூடும். குறைப்பின் கை விரைவாகக் கீழ்ப்படியும்; ஆனால் உருவம் மரப்பாவைபோல் வெட்டிவெட்டி அசையும். மெக்னர் 1989இல் எதிர்கொண்டதும் இதே சிக்கலே. அவர் ஆட்டத்தில் எதிரி பெரும்பாலும் ஒருவனாகவே வருவான். ஆகவே தாமதம் பொறுக்கத்தக்கதாயிற்று. ராஜியையோ அசுரர் பலர் ஒருங்கே சூழ்கின்றனர். ஆகவே அதே தாமதம் பெருங்குறையாகின்றது.

இரண்டாவது குறை, பார்வைக் கோணம். இவ்வாட்டத்தில் காட்சியை ஆடுவோன் தன் விருப்பப்படி திருப்ப முடியாது. ஆக்கியோர் வகுத்த கோணத்திலேயே காணல் வேண்டும். அதனாலேயே ஒவ்வொரு காட்சியும் ஓவியம்போல் அமைந்தது. ஆனால் தூரத்திலிருந்து ஒரே கோணத்தில் நோக்குவோனுக்கு, எதிரேயுள்ள மேடை எத்துணை ஆழத்தில் உள்ளது என்பது துலங்காது, தாவல் தவறும். ஆடினோர் வியந்த அழகும் அவர்கள் வெறுத்த வீழ்ச்சியும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. "காட்சி மிக அழகு, ஆனால் பார்வைக் கோணம் மிக மோசம்" என்று ஒருவரே கூறுதல் முரண்பாடன்று. ஒரு மரத்தின் கனியையும் முள்ளையும் அவர் சேர்த்தே கண்டார்.

இக்குறையை ஓரளவு மறைக்கத் தொழில்வல்லார் கையாளும் உபாயமொன்று உண்டு. மேடை விளிம்பைக் கடந்து கால் வெளியில் நின்ற பின்னும், நொடியின் மிகச் சிறு கூறு நேரத்துக்குத் தாவும் கட்டளையை ஆட்டம் ஏற்றுக்கொள்ளும். அவ்வருட்கணத்தை ஆடுவோன் அறியான். தான் உரிய நேரத்திலேயே தாவியதாக எண்ணி மகிழ்வான். இவ்வாறு நன்கமைந்த ஆட்டம் ஆடுவோனுக்குத் தெரியாமலே உதவி செய்கின்றது. அவ்வுதவி இல்லாதபோது "கட்டுப்பாடு சரியில்லை" என்று மட்டுமே அவனால் கூறமுடிகின்றது. ஆடுவோன் நோயை உணர்வான். நோயின் காரணத்தை அறிதல் ஆக்கியோன் கடன்.

மூன்றாவது குறை, கதை திடீரென அறுந்து நிற்பது. ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் முடிவெய்தும் இவ்வாட்டம், தொடர்ச்சியை எதிர்நோக்கச் செய்து நின்றுவிடுகின்றது. நீளம் குறைவு என்பதனைவிட நிறைவு குறைவு என்பதே பலர் மனத்தாங்கல் எனலாம். குறுகிய நேரம் தன்னளவில் குற்றமன்று. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தினைச் சுருக்கி, நகர மேடையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியனவாக அளித்தார். அளவிற் சுருங்கினும் அவை முடிவுடையனவாக இருந்தன. நான்காவதாக, கதை சொல்லும் தெய்வங்களின் உரை மிகுதியாகவும் குரல் உயிரற்றும் உள்ளது எனச் சிலர் கூறினர்.

எண்ணிக்கையும் உண்மையும்

இனி, இக்கருத்துக்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று. கணனி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடை, 2013இல் ஆடுவோர் விமரிசனத்தைத் தொடங்கியது. ஆட்டத்தைப் பெற்றவர் 'பரிந்துரைக்கின்றேன்', 'பரிந்துரைக்கவில்லை' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்து, தம் காரணத்தையும் எழுதலாம். அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் உடன் காட்டப்படும். பரிந்துரைத்தோர் வீதம் நூற்றுக்கு எத்தனை என்பதும் காட்டப்படும்.

இவ்வீதத்தைப் பரீட்சைப் புள்ளிபோற் கருதுதல் பிழை. நூறு பேர் ஓர் ஆட்டத்தை "பரவாயில்லை" என எண்ணி யாவரும் பரிந்துரைப்பின், வீதம் நூறு ஆகும். மற்றோர் ஆட்டத்தை எண்பது பேர் வாழ்நாளிற் கண்ட சிறந்த ஆட்டம் எனப் போற்றி, இருபது பேர் வெறுப்பின், வீதம் எண்பதே. எண்பது நூறினும் சிறிது. ஆனால் இரண்டாவது ஆட்டமே பலர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வீதம் எத்தனை பேர் விரும்பினர் எனக் கூறும். எவ்வளவு விரும்பினர் எனக் கூறாது.

மேலும், விலை கொடுத்து வாங்குவோர் பெரும்பாலும் முன்னரே விருப்பமுடையோர். விரும்பாதோர்க்கு வெளியேறும் வழியும் உண்டு. வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருப்பின், பணத்தை மீளப்பெறலாம் என்பது 2015இல் ஸ்டீம் வகுத்த விதி. ஐந்து மணி நேர ஆட்டத்தில் இரண்டு மணி நேரம் ஐந்தில் இரண்டு பங்காகும். அதற்குள் ஆட்டம் தன்னைப் புலப்படுத்தல் வேண்டும். முடிவைக் குறைகூறுவோர் அதுவரை பொறுமையுடன் ஆடியவர் என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர்கள் பகைவரல்லர், அன்பினால் எதிர்பார்த்து ஏமாந்தவர்.

ஆடாமலே தீர்ப்புக் கூறுவோரும் உளர். ஆட்டத்தின் தரத்தைக் கருதாது, பிற சினங்காரணமாகக் கூட்டமாகத் திரண்டு தாழ்ந்த புள்ளி இடும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இதனைத் தடுக்க மெற்றாகிரிற்றிக் என்னும் தளம் 2020இல், ஆட்டம் வெளிவந்து முப்பத்தாறு மணி நேரம் கழிந்த பின்னரே பொதுமக்கள் புள்ளியிடலாம் என விதித்தது. இதன் மறுபுறமும் உண்டு. ஆடாமலே, நம் நாட்டார் ஆக்கியது என்பதனால் உயர்ந்த புள்ளி இடுதலும் அதே வகைப் பொய்யே. பழிப்பாரின் பொய்யைக் கண்டிக்கும் நாம் புகழ்வாரின் பொய்யைப் பொறுத்தல் நடுவுநிலைமையன்று.

நம்முடையது என்னும் பற்று

இங்கேதான் இப்பொருளின் உயிர்நிலை உள்ளது. தெய்வக் கதையை ஆட்டமாக்கும்போது, அதனை ஆட்டமென மதிப்பதா, தெய்வக் கதையென வணங்குவதா? 2009இல் ஐதராபாத்திலுள்ள ஓரோனா நிறுவனத்தார் சிறுவன் அனுமனைத் தலைவனாகக் கொண்ட ஆட்டமொன்றைப் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு ஆக்கினர். அமெரிக்காவிலுள்ள இந்து சமயத் தலைவர் ராஜன் செட் அதனை எதிர்த்தார். வழிபடப்படும் அனுமனை ஆடுவோன் தன் விருப்பப்படி இயக்குதல் தெய்வத்தைச் சிறுமைப்படுத்தும் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை முற்றும் ஏற்காதவரும் அதிலுள்ள ஒரு சிக்கலை மறுத்தலரிது. ஆட்டத்தின் தலைவன் விழுதல் வேண்டும், தோற்றல் வேண்டும். விழாத அனுமனைக் கொண்டு ஆட்டம் அமைதல் அரிது. விழும் அனுமனைக் கொண்டு பத்தி அமைதலும் அரிது.

ராஜி ஆட்டத்தார் இச்சிக்கலைத் திறமையாகக் கடந்தனர். ஆடுவோன் இயக்குவது தெய்வத்தை அன்று. தெய்வம் நோக்கியிருக்கும் ஒரு மனிதச் சிறுமியை. விழுபவள் அவள், எழுபவளும் அவளே. தெய்வங்கள் சாட்சியாக நின்று அருள்கின்றன. சமய மரியாதையும் ஆட்டத்தின் இயல்பும் ஒருங்கே காக்கப்பட்டன. இது பத்தியால் மட்டும் கண்ட தீர்வன்று; தொழிலறிவால் கண்ட தீர்வு.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பாதையில் உள்ள குச்சவெளியில் வாழும் மாணவன் ஒருவன் இவ்வாட்டத்தை ஆடுவதாகக் கொள்வோம். துர்க்கையை அவன் அறிவான், நவராத்திரியை அறிவான், கந்தசஷ்டியில் தலை மாறிவரும் சூரனையும் அறிவான். ஆனால் ரக்ஷா பந்தன் அவன் வீட்டு வழக்கமன்று; இராஜஸ்தானக் கோட்டை அவன் கண்ட கட்டடமன்று. மேலைநாட்டான் ஒருவனுக்கு 'இந்தியா' என ஒன்றாகத் தோன்றுவது அவனுக்குப் பாதி தன்னுடையதாகவும் பாதி அயலதாகவும் தோன்றும். "இது நம் பண்பாடு" என்னும் பொதுப்புகழ் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். அவன் தன் கருத்தை நேர்மையாகக் கூறுவானாயின், அது வேறெவரும் கூறாத கருத்தாக அமையும்.

நம் கிழக்கிலங்கையில் கூத்துப் பார்ப்போர் இந்நேர்மையை நன்கு அறிவர். வட்டக்களரியில் வடமோடிக் கூத்தன் துள்ளியும் சுழன்றும் ஆடும்போது, சூழ்ந்திருக்கும் முதியோர் தாளம் தப்பிய அடியைத் தப்பியதென்றே கூறுவர். ஆடுபவன் அவர் தம் மகனாகவோ மருமகனாகவோ இருத்தல்கூடும். கதை பாரதக் கதையாகவும் இருக்கும். உறவும் சமயப் பற்றும் அத்தீர்ப்பைத் தளர்த்துவதில்லை. கலை தலைமுறை தலைமுறையாக நின்றமைக்கு அண்ணாவியாரின் பயிற்சி ஒரு காரணமாயின், களரியைச் சூழ்ந்தோரின் தயவற்ற செவி மற்றொரு காரணம்.

ராஜி ஆட்டத்துக்கும் அத்தகைய செவி நன்மையே செய்தது. 2022இல் அதன் மேம்படுத்திய பதிப்பு வெளிவந்தது. சண்டை அசைவுகள் அதிற் சீராக்கப்பட்டன. ஆங்கிலக் குரலொடு ஹிந்திக் குரலும் சேர்க்கப்பட்டது. முதற்பதிப்பைக் குறைகூறியவர் யாவரும் "நம்மவர் முயற்சி, வாழ்க" என்று வாளாவிருந்திருப்பின், ஆக்கியோர் எதனைத் திருத்துவதென அறிந்திரார். "இந்தியர் ஆக்கிய ஆட்டம் ஆதலின் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்" என்னும் மன்னிப்பு, புகழ்போலத் தோன்றினும் உண்மையில் இகழ்ச்சியே. சமமாக மதிக்கப்பட்டவனையே சமமாகக் குறைகூறுவர்.

நம் மண்ணிலும் இத்தகைய ஆட்டத்துக்குரிய களங்கள் குறைவின்றி உள்ளன. குச்சவெளிப் பாறையில் பண்டைச் சங்கதக் கல்வெட்டு உண்டு. வடக்கே திரியாயில் குன்றின்மேல் கற்றூண்கள் வட்டமாகச் சூழ்ந்த பௌத்தத் தொல்லிடம் உண்டு. தெற்கே கோணேசர் வீற்றிருக்கும் மலையும், இராவணன் வெட்டு எனக் கதை வழங்கும் பிளவும், கன்னியா வெந்நீரூற்றும் உண்டு. பல சமயத்தார் நினைவும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்த நிலம் இது. இதனை ஆட்டமாக்க விரும்பும் இளைஞன் நிலத்தையும் அதன் வரலாற்றையும் முதலிற் கற்றல் வேண்டும். பின்னர் ஒரு தாவலுக்கு எத்தனை படம் வேண்டும், எக்கோணத்தில் ஆழம் துலங்கும் என்னும் நுண்கணக்கையும் கற்றல் வேண்டும். முதலாவது இல்லையேல் ஆட்டம் அயலாரின் நிழலாகும். இரண்டாவது இல்லையேல் அழகிய படத்தொகுதியாகும்.

ஆக்குதல் சிலர்க்கே கைவரும். ஆடிக் கருத்துக் கூறுதல் பலர்க்கும் உரியது. ஆகவே மாணவர் கருத்துக் கூறும் முறையையும் ஒரு கல்வியாகக் கொள்ளல் நன்று. முழுவதும் ஆடிய பின் கூறுதல். எச்சுவையை நாடிச் சென்றோம் எனத் தெரிந்து கூறுதல். குறை எவ்விடத்தில் எவ்வாறு தோன்றியது எனச் சுட்டிக் கூறுதல். அக்குறை ஒரு குணத்தின் மறுபக்கமோ என எண்ணிக் கூறுதல். நம்முடையது என்பதனால் மிகுத்தலும் அயலாரது என்பதனால் குறைத்தலும் இன்றிக் கூறுதல். இவ்வைந்தும் கணனி ஆட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல. நூலை மதிப்பிடுதற்கும் நாடகத்தை மதிப்பிடுதற்கும் உரியனவே. ராஜி விழும்போதெல்லாம் எழுகின்றாள். எங்கே வழுக்கியது என்று உண்மையாகச் சொல்வாரைப் பெற்ற கலையும் அவ்வாறே எழும்.